நெரிடா கார்மடியின் செம்மண் மேடு

தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் உச்சியிலிருந்து டெஸ் கார்மடி விழுந்தபோது அவன் மனைவி நெரிடாவுக்கு வயது முப்பத்தொன்று. மூத்த மகளுக்கு நாலு வயது, இளையவள் கைக்குழந்தை. பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட ஏறியிருந்தான். காற்று திசை மாறி, வால்தகடு சுழன்று வந்து முதுகில் தட்டியது. முப்பதடி கீழே, ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டியின் விளிம்பில் இடுப்பு மோதி விழுந்தான்.

எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தான். இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. இனி ஆயுசுக்கும் கைத்தடிதான்.

அந்த எட்டு மாதமும் ஆடுகள் காத்திருக்கவில்லை. நெரிடா பதினாறு வயதிலேயே ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் கம்பளி வாரிப் போடும் வேலைக்குப் போனவள். அவள் அப்பா மந்தை ஓட்டியே காலத்தைக் கழித்தவர். ஆட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே அதற்கு வயிற்றில் பூச்சியா, காலில் புண்ணா என்று சொல்லிவிடுவாள். கைக்குழந்தையை ஒரு ஆப்பிள் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பிக்கப் வண்டியின் முன் சீட்டில் கட்டிக்கொண்டு, அந்த வருடக் கத்தரிப்பை முடித்தாள். குட்டிகளுக்கு வாலும் வெட்டினாள். வேலியும் கட்டினாள்.

டெஸ் வீடு திரும்பிய அன்று இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொட்டகைக்கு ஆள் போடணும்" என்றான் டெஸ்.

"எதுக்கு? நான் இருக்கேனே."

"அப்ப பிள்ளைங்க?"

"நீ இருக்கியே."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை நாலரைக்கு நெரிடா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டெஸ் குழந்தைக்குப் பால் காய்ச்சினான். முதல் மாதம் அவன் சுட்ட ரொட்டியைக் கொண்டு கதவுக்கு அண்டை கொடுக்கலாம் போலிருந்தது. ஒரு வருடத்தில் பூலிகல் வட்டாரத்திலேயே அவனைப் போல ஸ்கோன் பன் சுட ஆளில்லை. பெண்களுக்கு இரட்டைச் சடை பின்னினான். பள்ளி நாடகத்துக்கு உடுப்பு தைத்தான்.

மதுக்கடையில் இது நல்ல பேச்சாக ஓடியது. பக்கத்துப் பண்ணைக்காரன் ட்ரெவர் ஸ்டக்கி சத்தமாகவே கேட்பான்.

"டெஸ், ஏப்ரன் நல்லாருக்காமே. எங்க வாங்கின?"

"உன் வீட்டுக் கொடியில காஞ்சுது, எடுத்துக்கிட்டேன்" என்பான் டெஸ், பியரைக் கீழே வைக்காமல்.

இப்படியே பதினாலு வருடம் போனது. பெண்கள் இருவரும் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய்விட்டார்கள். அப்போதுதான் லிடியா புசாட்டோ வந்தாள்.

லிடியா கிரிஃபித் ஊர்க்காரி. அப்பாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம். அரசாங்க நில அலுவலகத்தில் பறவைகளைப் பார்க்கும் வேலை. இருபத்தாறு வயது, காதுவரை வெயிலில் சிவந்த முகம். சமையலறையில் உட்கார்ந்து, டெஸ் வைத்த ஸ்கோனில் மூன்றாவதைத் தின்றுகொண்டே ஒரு படத்தை மேசைமேல் தள்ளினாள்.

"இதைப் பாத்திருக்கீங்களா?"

நெரிடா பார்த்தாள். "காடை."

"காடை இல்லீங்க. பாத்தா அப்படித்தான் தெரியும். இதுக்கு சமவெளி நாடோடின்னு பேரு. உலகத்துலயே இந்தப் பக்கத்துப் புல்வெளிய விட்டா வேற எங்கயும் கெடையாது. மொத்தமே சில நூறுதான் மிச்சம். உங்க செம்மண் மேட்டுல ஒண்ணு கூப்பிட்ட சத்தம் கேட்டேன்."

"நாடோடின்னா அலைஞ்சுக்கிட்டு இருக்குமா?"

"அதான் வேடிக்க. பேருதான் நாடோடி. பொறந்த எடத்த விட்டு நகராது. பறக்கவும் பெருசா பறக்காது. ஆபத்து வந்தா அப்படியே தரையோட தரையா படுத்துக்கும்."

"புத்திசாலிதான்" என்றாள் நெரிடா.

"இன்னொண்ணு. இதுல பொட்டைதான் பெருசு, அழகு. முட்டைய போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும். ஆம்பளைதான் அடைகாத்து, குஞ்சு பொரிச்சு, வளத்து ஆளாக்கும்."

கெட்டிலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த டெஸ் திரும்பாமலே சொன்னான். "பாவம். அவனும் காத்தாடியிலேர்ந்து விழுந்திருப்பான்."

நெரிடா வாய்விட்டுச் சிரித்ததை லிடியா அன்றுதான் முதலில் கேட்டாள்.

லிடியா கேட்டது இதுதான். வீட்டுக்குக் கிழக்கே இரண்டாயிரம் ஏக்கர் செம்மண் மேடு. அதில் புல் அடர்ந்துவிட்டால் பறவை ஓட முடியாது, போய்விடும். ஆடு மொட்டையடித்துவிட்டால் ஒளிய இடமில்லை, அப்போதும் போய்விடும். குத்துக் குத்தாகப் புல், நடுவில் வெறும் மண், அப்படி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆட்டை விட்டு மேய்க்க வேண்டும், வறண்டால் எடுத்துவிட வேண்டும். இதற்கு ஈடாக அலுவலகம் மேட்டைச் சுற்றிப் புது வேலியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போட்டுத் தரும்.

"புல்லு சரியா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டாள் நெரிடா.

லிடியா பையிலிருந்து கோல்ஃப் பந்துகளை எடுத்தாள். பதினெட்டு. ஒரு கஜச் சதுரத்தில் அவற்றைக் கொட்டி, நின்ற இடத்திலிருந்து எத்தனை தெரிகிறது என்று எண்ணுவாளாம். எல்லாம் தெரிந்தால் மொட்டை. நாலைந்துதான் தெரிந்தால் காடு. பாதிக்கு மேல் தெரிந்தால் பறவைக்குச் சரி.

"இதுக்குத்தான் காலேஜுல நாலு வருஷமா?" என்றாள் நெரிடா. ஆனால் கையெழுத்துப் போட்டாள். பறவைக்காக இல்லை. பழைய வேலி கிழக்கே மூன்று இடத்தில் சாய்ந்திருந்தது.

பறவையை அவள் கண்டது அடுத்த வசந்தத்தில். விடியற்காலை புதுத் தொட்டியைப் பார்க்கப் போனவள், பைக்கை நிறுத்திவிட்டு வேலியில் சாய்ந்து நின்றாள். பத்தடி தூரத்தில் மண்ணிலிருந்து ஒரு கழுத்து எழுந்தது. கால் விரல் நுனியில் எக்கி நின்று அது சுற்றிலும் பார்த்தது. மஞ்சள் கால். கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளி வைத்த பட்டை, அதற்குக் கீழே நெஞ்சில் செம்பட்டைத் திட்டு. ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புல்குத்துகளுக்கு நடுவே நடந்து போனது.

அன்று சாப்பாட்டில் அவள் டெஸ்ஸிடம் மட்டும் சொன்னாள். "இந்த எடமே அவளோடதுங்கற மாதிரி ஒரு பார்வ."

"உனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றான் டெஸ்.

"எனக்கென்ன. சொன்னேன்."

ஆனால் அதற்குப் பிறகு, கிழக்கே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாரத்தில் இரண்டு விடியற்காலை அவள் பைக் அந்தப் பக்கம் போய்வந்தது.

பிறகு மழை நின்றது. முதல் வருடம் எல்லோரும் வானத்தைப் பார்த்து நையாண்டி பண்ணினார்கள். இரண்டாம் வருடம் பேசாமல் பார்த்தார்கள். மூன்றாம் வருடம் பார்ப்பதையே விட்டார்கள். லிடியா பந்துகளைக் கொட்டினாள். பதினெட்டும் தெரிந்தன.

"எடுத்துடணும், நெரிடா" என்றாள் அவள். அதற்குள் 'ங்க' போய்விட்டிருந்தது. "இன்னும் ஒரு மாசம் மேஞ்சா வேரே போயிடும்."

"மேட்டுலேர்ந்து எடுத்து எங்க விடறது? மத்த எடமெல்லாம் ஏற்கெனவே தூசி."

"தெரியும். சொல்றதுக்கே எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நீ மாட்டேன்னு சொன்னா நான் ஆபீஸ்ல பேசிப் பாக்கறேன்."

நெரிடா அன்று சாயங்காலம் கொட்டகைக் கதவில் நின்று ஆடுகளைப் பார்த்தாள். பெண்ணாடுகள் ஒவ்வொன்றும் அவள் பொறுக்கிச் சேர்த்த வம்சம். பதினேழு வருடம், நல்ல கம்பளி எது, குட்டிக்குப் பால் கொடுப்பது எது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. தீனி வாங்கிப் போட்டு ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம். இரண்டு வருடம்? மேட்டின் வேர் போய்விட்டால் மழை வந்தும் என்ன பயன்?

பத்து நாளில் லாரி வந்தது. நல்ல நூறு ஆட்டை மட்டும் வீட்டருகே கைத்தீனியில் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் ஏற்றினாள். லாரி பூலிகல் சாலையில் ஏறும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, டெஸ் நீட்டிய டீயை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். டெஸ் அந்தக் கோப்பையை எடுத்துக் கொட்டிவிட்டு இன்னொன்று கொண்டுவந்து வைத்தான்.

மதுக்கடையில் ட்ரெவர் கேட்டான். "காடைக்காக ஆட்ட வித்த மொத ஆளு இந்தக் கண்டத்துலயே நீதான் நெரிடா. சிலை வெப்பாங்க."

"வெச்சா உன் வீட்டு வாசல்லயே வெக்கச் சொல்றேன். தெனம் கும்பிட்டுக்க."

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். நகரசபைக்கு ரோடு சமப்படுத்தும் வண்டி ஓட்டினாள். ட்ரெவர் தீனி வாங்கிப் போட்டு ஆட்டைக் காப்பாற்றப் பார்த்தான். பாதி அப்படியும் செத்தது. மீதியை அவன் எப்படிக் காப்பாற்றினான் என்பது அவனுக்கே தெரியாது. சமவெளி முழுக்க மண் பறந்தது. செம்மண் மேட்டில் மட்டும் வெளுத்துப்போன புல்குத்துகள் முடி உதிர்ந்த தலை மாதிரி நின்றன. ஆனால் நின்றன.

பறவை நிற்கவில்லை. லிடியா ஒவ்வொரு வசந்தமும் வந்து எண்ணினாள். முதல் தடவை மூன்று. அடுத்து ஒன்று. அதற்கடுத்த இரண்டு வருடம் ஒன்றுமே இல்லை. கடைசித் தடவை வந்தபோது, நெரிடாவின் முகத்தைப் பார்க்காமல் காரில் பையை வைத்தாள்.

"உன்னை வீணா ஆட்ட விக்க வெச்சுட்டேனோன்னு இருக்கு."

"போ பொண்ணே. வித்தது நான்" என்றாள் நெரிடா. ஆனால் கார் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். செய்தது சரியா தப்பா என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தத் தெரியாமை அவள் கூடவே எழுந்தது, கூடவே படுத்தது. தூக்கம் கெட்டது அப்போதிலிருந்துதான்.

ஏழாம் வருடம் மார்ச்சில் மழை வந்தது. வந்தது என்றால், நிற்கவே இல்லை. ஆறு கரை தாண்டியது. ஆகஸ்டில் சமவெளியில் புல் முழங்காலைத் தாண்டியது, அக்டோபரில் இடுப்பைத் தொட்டது. மேய்க்கத்தான் யாரிடமும் போதுமான ஆடு இல்லை.

ஆகஸ்டிலேயே மேட்டில் லிடியா பந்துகளைக் கொட்டியிருந்தாள். பதினெட்டில் ஐந்துதான் தெரிந்தன. "இப்ப ஆடு வேணும்" என்றாள் தயங்கித் தயங்கி.

நெரிடா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "வறண்டா எடுங்கற. நனைஞ்சா விடுங்கற. நீ கல்யாணம் பண்ணாம இருக்கறது ஒரு ஆம்பளைக்குச் செஞ்ச புண்ணியம்."

அந்த நூறு குட்டி போட்டுப் பெருகியும் அவளிடம் இருந்தது முந்நூறு. மேட்டுக்கு அது போதாது. அவள் நேரே ட்ரெவர் வீட்டுக்குப் போனாள்.

"உன் ஆட்ட என் செம்மண் மேட்டுல விடு. எண்ணூறு."

ட்ரெவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "எனக்கே புல்லு முழங்காலுக்கு மேல கெடக்கு. உன் புல்லு எனக்கு எதுக்கு?"

"உன்னுது ஈரத்துல நிக்குது, ஆட்டுக்குக் கால் அழுகும். என்னுது மேடு, காஞ்ச தரை. சும்மா விடு, ஒண்ணும் தரவேண்டாம்."

"சும்மாவா? என்ன சூது இதுல?"

"காடைக்குத்தான்யா" என்றாள் நெரிடா. "சிரிச்சுட்டு அப்புறம் ஓட்டிட்டு வா."

அவன் சிரித்தான். பிறகு ஓட்டிக்கொண்டு வந்தான். நவம்பர் முடிவில் மேடு மறுபடியும் குத்துக் குத்தாக, நடுவில் சிவப்பு மண் தெரியும்படி ஆகிவிட்டது. மாதக் கடைசியில் ஒருநாள் லிடியா போன் செய்தாள். மேட்டில் மங்கின வெளிச்சத்தில் ஒரு ஆண்பறவை ஓடியது போலிருந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாள். நெரிடா "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள். நம்பிவிடப் பயமாக இருந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம், நாற்பத்துநாலு டிகிரி வெயிலில், மழையில்லாத இடி இடித்தது. வடமேற்கே இருபது மைல் தள்ளி ஒரு மின்னல் காய்ந்த புல்லில் இறங்கியது. பதினோரு மணிக்குப் புகை தெரிந்தது. வட்டாரத் தன்னார்வத் தீயணைப்பு வண்டியில் ட்ரெவர் டிரைவர், நெரிடா குழாய் பிடிப்பவள். அவள் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே டெஸ்ஸிடம் சொன்னாள்.

"வீட்டச் சுத்தித் தண்ணி விடு. நாயக் கட்டிப் போடு. ரேடியோவப் பக்கத்துலயே வெச்சுக்க. எங்கயும் போகாத."

"ஒண்ணரைக் காலோட எங்க போகப் போறேன்?"

பகல் முழுக்க அவர்கள் ட்ரெவர் நிலத்தின் ஓரத்தில் தீயோடு மல்லுக்கட்டினார்கள். தீ நீளமாக, குறுகலாகத் தென்கிழக்கே ஓடியது. இருபுறமும் விளிம்பை நனைத்து நனைத்து அதை ஒடுக்கிக்கொண்டே போனார்கள். ட்ரெவரின் வீடு தப்பியது. மூன்று மணிக்குக் காற்று ஒரு கணம் செத்தது. நெரிடாவின் கழுத்து வேர்வை சில்லிட்டது. பிறகு தென்மேற்கிலிருந்து காற்று அறைந்தது. பத்து மைல் நீளத்துக்குப் பக்கவாட்டில் கிடந்த விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து வடகிழக்கே திரும்பியது. அந்தத் திசையில்தான் அவள் வீடும் செம்மண் மேடும் இருந்தன.

அவள் ரேடியோவை எடுத்தாள். "டெஸ். திரும்பிடுச்சு. உன் பக்கம் வருது. பதில் சொல்லு."

பதில் இல்லை.

"டெஸ்."

"கக்கூஸ்ல இருப்பான்" என்றான் ட்ரெவர், வண்டியைத் திருப்பிக்கொண்டே.

"அங்கயும் ரேடியோவ எடுத்துட்டுப் போறவன் அவன்."

ட்ரெவர் எரிந்து முடிந்த கரி நிலத்தின் வழியாக, வேலிகளை முட்டித் தள்ளிக்கொண்டு ஓட்டினான்.  வீட்டை ஒட்டித் தீ போயிருந்தது. வேலிக்கால் புகைந்தது. ஆனால் நனைந்த புல்தரை பச்சையாக இருந்தது, அவளுடைய ஆடுகள் அதில் ஒண்டி நின்றன, குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கட்டிய இடத்தில் நாய் குரைத்தது. கொட்டகையில் நாலு சக்கர பைக்கைக் காணோம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ட்ரெவரின் ஆடுகள் மேட்டுக்குத் தெற்கே, சதுப்பை ஒட்டிய உயரப் புல்லில் இருந்தன. அங்கிருந்து மேட்டுக்குப் போகும் கேட் மூடியிருந்தது. மேட்டில் மேய்ந்தது போதுமென்று மூடியது அவள்தான், போன செவ்வாய்க்கிழமை.

"உன் ஆட்டுக்காகப் போயிருக்கான்" என்றாள். ட்ரெவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

புகையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சதுப்பருகே கேட் கண்ணில் பட்டது. திறந்திருந்தது. அதற்கு இப்பால் பைக் கிடந்தது, அல்லது பைக்காக இருந்தது. டயர் உருகி ஓடி, இரும்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது. வண்டி நிற்பதற்குள் நெரிடா குதித்து ஓடினாள். பைக்கைச் சுற்றினாள். இரண்டு தடவை சுற்றினாள். கரியைத் தவிர ஒன்றுமில்லை.

"நெரிடா" என்றான் ட்ரெவர் பின்னாலிருந்து. "அங்க பாரு."

கேட்டைத் தாண்டித் தரை கறுப்பாக ஐம்பதடி போனது. பிறகு கறுப்பு கிழிந்தது. இங்கே ஒரு குத்து எரிந்திருந்தது, அங்கே ஒன்று. வீட்டுயரம் வந்த தீ, மேட்டில் ஏறியதும் தாவிப் பிடிக்க அடுத்த குத்தைக் காணாமல் விரல் விரலாகப் பிரிந்து, சிவப்பு மண்ணில் தானாகவே அணைந்து போயிருந்தது. அதற்கப்பால் பழுப்பும் சிவப்புமாக மேடு அப்படியே கிடந்தது. நடுவில், புகைபடிந்த கம்பளியோடு ஒட்டி நெருக்கிக்கொண்டு எண்ணூறு செம்மறிகள் நின்றன. அவற்றின் நடுவே, தரையில், தடியை மடிமேல் போட்டுக்கொண்டு டெஸ் உட்கார்ந்திருந்தான். முகம் கரி, புருவம் இல்லை.

நெரிடா ஆடுகளை விலக்கிக்கொண்டு போய் அவன்முன் நின்றாள். 

"ரேடியோ எங்க?"

"பைக்ல."

"பைக் எங்க?"

அவன் புகையைப் பார்த்துத் தடியை நீட்டினான். "அங்க இருந்துச்சு. கேட்டத் தொறந்துட்டு ஏறி உக்காந்தா ஸ்டார்ட் ஆகல. அப்புறம் நடந்தேன். ஆட்டுக்குப் பின்னாலயே அரை மைல். நான் ஓடினத நீ பாத்திருக்கணும். டாக்டர் பாத்திருந்தா பென்ஷன நிறுத்தியிருப்பான்."

அவள் கையுறையைக் கழற்றி அவன் தோளில் ஒன்று போட்டாள். இன்னொன்றும் போட்டாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் வைத்துக்கொண்டாள். ட்ரெவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வெகுநேரம் இருமினான்.

"டீ கொண்டு வந்தியா?" என்று கேட்டான் டெஸ், அவள் தலைமேல் கை வைத்தபடி.

"கொன்னுடுவேன்."

"சரி. அப்ப இதக் கேளு. தீ வந்து நின்னப்ப, என் பூட்ஸ் பக்கமா ஒண்ணு ஓடி வந்துச்சு. உன் காடை. ஆம்பளை. பின்னால மூணு குஞ்சு, பட்டன் சைஸு. கொஞ்ச நேரம் என் நிழல்ல நின்னுட்டு உள்ள போயிடுச்சு."

"புகை தலைக்கேறியிருக்கு உனக்கு. தண்ணி குடி."

"ஏறியிருக்கலாம்" என்று டெஸ் ஒத்துக்கொண்டான்.

அடுத்த ஐந்து நாள் நெரிடா படுக்கவில்லை என்றே சொல்லலாம். மறுபடி பற்றும் கட்டைகளை அணைக்க வேண்டியிருந்தது. ட்ரெவரின் நிலத்தில் செத்த ஆடுகளைப் புதைக்க அவளே மண் தோண்டும் வண்டி ஓட்டினாள். ட்ரெவரின் மற்ற மந்தை போய்விட்டது. மேட்டில் நின்ற எண்ணூறுதான் அவனிடம் மிஞ்சியது. அவன் அவள் சாப்பாட்டு டப்பாவில் தன் மனைவி செய்த ஆட்டிறைச்சி சாண்ட்விச்சைத் தினமும் வைத்துவிட்டுப் போனான்.

வேலைக்கு நடுவே அவள் கண் வானத்துக்குப் போனது. கரி நிலத்துக்கு மேலே பருந்துகளும் வல்லூறுகளும் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டன. மைல் கணக்கில் ஒளிய இடம் இருந்தது அந்த ஒரு மேட்டில்தான். பருந்துகள் எல்லாம் அங்கேயே வந்து இறங்கின. தீ விட்டதை இதுகள் விடுமா என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. டெஸ் சொன்னதை அவள் நம்பவில்லை என்றுதான் சொன்னாள். நம்பாதவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வானத்தைப் பார்க்க மாட்டாள்.

ஆறாம் நாள் சாலை திறந்து லிடியா வந்தாள். மத்தியானம் மூவரும் பிக்கப்பில் மேட்டுக்குப் போனார்கள். டெஸ்ஸை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பெண்களும் இருபதடி இடைவெளியில் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். ஓரிடத்தில் வல்லூறு பிய்த்துப் போட்ட இறகு கிடந்தது. லிடியா குனிந்து எடுத்துப் பார்த்தாள்.

"பஞ்சுருட்டானா?" என்றாள் நெரிடா. கேள்வி அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

"வானம்பாடி. நம்முது இல்ல."

திரும்பி வரும்போது லிடியா அழுதுவிடுவாள் போலிருந்தது. நெரிடா அவள் தோளைத் தட்டக் கையெடுத்தாள். அப்போது, பிக்கப் கதவில் சாய்ந்து நின்ற டெஸ் உதட்டில் விரலை வைத்தான். பிறகு தடியால், மெல்ல, முன் சக்கரத்தைக் காட்டினான்.

சக்கரத்தின் நிழலில், தரையோடு தரையாக, ஒரு மங்கிய பழுப்புப் பறவை உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. இறக்கைக்கடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது அதன் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது.

லிடியா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரமா?" என்று நெரிடா உதட்டை அசைத்துக் கேட்டாள்.

"நீங்க போன கையோட வந்துட்டான்" என்றான் டெஸ் மூச்சுக்குரலில்.

"ரெண்டு மணி நேரமா? கூப்பிட வேண்டியதுதானே?"

"குஞ்சு தூங்குது. எப்படிக் கத்தறது?"

வண்டியைக் கிளப்ப முடியவில்லை. மூவரும் மண்ணில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. நிழல் நீண்டு சக்கரத்தை விட்டு வெளியே வந்தது. ஆண்பறவை எழுந்து, எக்கி நின்று ஒரு சுற்றுப் பார்த்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புல்குத்துகளுக்குள் நடந்து போனது. நெரிடாவின் நெஞ்சுக்குள் இத்தனை வருடமாக முறுக்கிக் கிடந்த ஏதோ ஒன்று, கயிறு அறுந்தது போல விட்டுப்போனது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று லிடியாவுக்குத் தெரியவில்லை. நெரிடாவுக்கும் தெரியவில்லை. லிடியா அந்தி மங்கும்வரை இருந்து இன்னொரு ஆணையும் ஒரு பெட்டையையும் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நெரிடா ஒரு பூட்ஸைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். டெஸ் வந்து அதையும் கழற்றிவிட்டு, ஜன்னலைச் சாத்தினான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. டெஸ் மாவுக் கையோடு எடுத்தான்.

"நெரிடா இல்லையா?" என்றான் ட்ரெவர்.

"தூங்குறா."

"இந்நேரத்துக்கா? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்குறா."

மறுமுனையில் ட்ரெவர் குரலைத் தாழ்த்தினான். "வேலிக்கால் கொண்டாந்திருக்கேன், கேட்டுக்குப் பக்கத்துல எறக்கிட்டுப் போறேன். அவள எழுப்பாத" என்றான்.

டெஸ் ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் மேசைமேல் போட்டான். பிறகு தடியை ஊன்றாமல், சத்தம் வராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினான்.